கண்ணாடி பீடிங்: ஒரு பழைய மாருதியின் நான்கு கதவுகள்

விஜயகரிசல்குளம் அகழாய்வைப் பற்றிய குறிப்பை இந்த வாரம் தொடர்வதாகத்தான் இருந்தது. அதற்குள் மழை வந்துவிட்டது. மழை வந்தால் எங்கள் வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது கூரையை இல்லை, அப்பாவின் காரை. 1998ஆம் வருட மாருதி 800, வெள்ளை நிறம், டி.என். 67 பதிவு. ஐப்பசியில் முதல் அடைமழை பெய்த மறுநாள் காலை அப்பா இடதுபக்கக் கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தார். காலடியில் கிடந்த மேட் சொதசொதவென்று இருந்தது. கதவைச் சாத்தினால் உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. பாதி நிறைந்த குடத்தைத் தூக்கி நடக்கிற மாதிரி ஒரு சத்தம்.

அன்றைக்கே டிங்கர் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கதவின் அடி விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தவர், "தம்பி, இது உள்ளருந்து அரிக்குது. இப்ப விட்டா அடுத்த வருசம் அடியை வெட்டி வேற தகடு வச்சு வெல்டிங் அடிக்கணும். கதவுக்கு நாலாயிரம் ஆகும். நாலு கதவுக்கும் நீங்களே கணக்குப் போட்டுக்கங்க" என்றார். அந்தக் கணக்கு வண்டியின் விலையைக் கிட்டத்தட்டத் தொட்டது. பதினைந்து வருடம் முடிந்த சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். எங்களுக்கு அடுத்த தவணை நெருங்கிக்கொண்டிருக்கிறது. கதவில் ஓட்டை விழுந்த வண்டியை ஆய்வாளர் முன்னால் நிறுத்த முடியாது. "காயலான் கடைக்குப் போட்டுரலாமா" என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அப்பா பதில் சொல்லவில்லை. பேப்பரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

இவ்வளவுக்கும் காரணம் கண்ணாடிக்கு வெளியே ஓடும் விரற்கடை அகல ரப்பர் பட்டைதான். கடையில் இதை 'கண்ணாடி பீடிங்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, இரண்டுக்கும் நடுவே கண்ணாடி ஏறி இறங்கும். கண்ணாடியின் பக்கவாட்டையும் மேல் விளிம்பையும் பிடித்துக்கொள்ளும் ப வடிவ ரப்பருக்குச் சேனல் என்று பெயர். அம்பாசடரையும் பத்மினியையும் பழகிய கைகள் அதை 'வெல்வெட் சேனல்' என்பார்கள். பீடிங்கு, சேனல் இரண்டையும் நானே கழற்றி மாற்றினேன். ஒரு கதவைக் கெடுத்து, இரண்டாவதில் கற்றுக்கொண்டு, மூன்றாவதை ஒழுங்காகச் செய்தேன். அதை வரிசைப்படி எழுதி வைக்கிறேன், பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்காவது பயன்படும்.

முதலில் ஒரு தப்பெண்ணம். கார் கதவுக்குள் தண்ணீரே போகக்கூடாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கதவு என்பது இரண்டு தகடுகள் சேர்ந்த ஒரு பெட்டி. அதன் வாயில் கண்ணாடி போய்வர ஒரு நீளமான கீறல் இருக்கிறது. எவ்வளவு நல்ல பீடிங்காக இருந்தாலும் கண்ணாடியில் வழியும் தண்ணீரில் கொஞ்சம் அந்தக் கீறல் வழியாக உள்ளே இறங்கத்தான் செய்யும். வண்டியை வடிவமைத்தவர்களுக்கு இது தெரியும். அதனால் மூன்று கட்டமாக ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வெளி பீடிங் பெரும்பங்குத் தண்ணீரை வெளியிலேயே வழித்துவிடும். மீறி இறங்குவது கதவுப் பெட்டிக்குள் விழுந்து, அடியில் இருக்கும் சின்னச் சின்னத் துளைகள் வழியாகத் தரைக்குப் போய்விடும். அந்தத் தண்ணீர் டோர் பேடைத் தொட்டு உள்ளே வராமல் இருக்க, பேடுக்குப் பின்னால் ஒரு பாலித்தீன் தாளை ஒட்டியிருப்பார்கள்.

மூன்றும் சேர்ந்து கெட்டால்தான் எங்கள் வண்டிக்கு வந்த நிலைமை வரும். பீடிங் காய்ந்து சுருண்டு போனதால் உள்ளே இறங்கும் தண்ணீர் பல மடங்கானது. அடித்துளைகளைக் கரிசல் மண் அடைத்துவிட்டது. பாலித்தீன் தாளை எப்போதோ, யாரோ ஒரு மெக்கானிக் கிழித்து எறிந்திருக்கிறார். தண்ணீர் போக வழியில்லாமல் அடியில் தேங்கியது. வெளித்தகடு உள்தகட்டின் விளிம்பை மடித்துக் கவ்வியிருக்கும் இடம்தான் கதவில் துருவுக்குப் பிடித்த இடம். இரண்டு தகடுகளுக்கு இடையே காகித கனத்துக்குத்தான் இடைவெளி. அதில் ஏறிய ஈரம் லேசில் காயாது. வெளியே பெயிண்ட் கொப்பளிப்பதை நாம் பார்க்கும்போது உள்ளே பாதி தகடு போயிருக்கும். டிங்கர் அண்ணன் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தது அங்கேதான்.

பீடிங் ஏன் காய்கிறது? ரப்பர் என்று பொதுவாகச் சொல்கிறோமே ஒழிய, எல்லாம் ஒரே ரப்பர் இல்லை. இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றில் மிகக் குறைந்த அளவில் இருக்கும் ஓசோன் அந்தப் பிணைப்பைத் தேடிப்போய் வெட்டும். இழுத்துப் பிடித்த நிலையில் இருக்கும் ரப்பரில், இழுவிசைக்குக் குறுக்காக வரிவரியாக வெடிப்பு விழும். பழைய சைக்கிள் டயரின் பக்கவாட்டில் பார்த்திருப்பீர்கள். இதைத் தாங்குவதற்காக வந்ததுதான் ஈ.பி.டி.எம். என்கிற செயற்கை ரப்பர். அதன் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால் வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும். மலிவான பீடிங்குகள் பி.வி.சி.யில் வரும். பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். அதை வளைய வைக்கச் சேர்த்திருக்கும் மென்மையாக்கி எண்ணெய் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். எண்ணெய் போகப்போகப் பட்டை சுருங்கும், விறைக்கும், முனையில் சுருளும். எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசுத் தொழில் இந்தப் பக்கம் வேரூன்றியதற்கே வறண்ட வானிலையைத்தான் காரணமாகச் சொல்வார்கள். பட்டாசு காய்வதற்குத் தோதான ஊர், ரப்பருக்குத் தோதான ஊராக இருக்க முடியாது.

பீடிங்கின் உதட்டை விரலால் தடவிப் பார்த்தால் வெல்வெட் மாதிரி இருக்கும். பசை தடவிய ரப்பரின் மேல் மிகச் சிறிய நைலான் அல்லது பாலியஸ்டர் இழைகளை மின்புலத்தின் உதவியோடு நட்டமாக நிற்கும்படி ஒட்டவைப்பார்கள். கண்ணாடி வழுக்கி ஓடுவதற்கு அதுதான் உதவுகிறது. அந்த இழை தேய்ந்துபோனால் வெறும் ரப்பர் கண்ணாடியைப் பிடித்து இழுக்கும். தேயாமல் இருந்தாலும் வேறொரு தொல்லை உண்டு. கரிசல் புழுதி அந்த இழைகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். ஆலங்குளம் பக்கம் போய்வந்தால் சிமெண்ட்டுத் தூசியும் சேரும். அப்புறம் பீடிங் உப்புத்தாள் ஆகிவிடும். கண்ணாடியை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் நெட்டுக்குத்தாகக் கோடு விழும். அந்தக் கோடுகளை எந்தப் பாலிஷ் போட்டும் எடுக்க முடியவில்லை. எங்கள் வண்டியின் வலது கண்ணாடியில் எதிர்வெயில் பட்டால் மழை பெய்கிற மாதிரி தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம்.

தேவையான சாமான் அதிகமில்லை. ஸ்டார் திருப்புளி ஒன்று, பழைய பருத்தித் துண்டு ஒன்று, பெயிண்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப், சோப்புத் தண்ணீர். எல்லாவற்றையும் விட முக்கியம் ஒரு மூங்கில் ஆப்பு. முதல் கதவில் நான் தட்டைத் திருப்புளியை விட்டு நெம்பினேன். பீடிங் வந்தது, கூடவே கதவு விளிம்பில் பெயிண்டும் வந்தது, விளிம்பும் ஒரு இடத்தில் வெளிப்பக்கமாக நெளிந்தது. பெயிண்ட் போன இடம் அடுத்த மழைக்குத் துரு. பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் மாமா ஒருவர் பார்த்துவிட்டு, "மருந்து ரூம்ல இரும்பே ஆகாதுன்னு நாங்க மரத்தையும் பித்தளையையும் வச்சுத்தானப்பா காலம் தள்றோம், நீ என்ன இரும்பைக் கொண்டு போட்டுக் குடையுற" என்றார். அங்கே இரும்பு ஆகாததற்குக் காரணம் தீப்பொறி, இங்கே காரணம் பெயிண்ட். ஆனால் ஆலோசனை சரி. வீட்டில் கிடந்த மூங்கில் பிளாச்சை நுனி தட்டையாகச் சீவி, முனையை மழுக்கி வைத்துக்கொண்டேன். பிளாஸ்டிக்கில் இதற்கென்றே பட்டைகள் விற்கிறார்கள். ஆனால் மூங்கில் வளைகிற மாதிரி அவை வளைவதில்லை.

மாமாவைப் பற்றிச் சொன்னதால் இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துப் பழைய வண்டிகள் பலவும் ஏதோ ஒரு காலத்தில் ஆலைக்கு ஆளையோ சாமானையோ ஏற்றி இறக்கியவைதான். அப்படிப்பட்ட வண்டியில் டோர் பேடைக் கழற்றும்போது உள்ளே சாம்பல் நிறத்தில், வெள்ளி மாதிரி மினுக்கும் தூசி படிந்திருந்தால், காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். வேக்குவமும் வேண்டாம். கிரைண்டரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அலுமினியப் பவுடரும் கந்தகமும் உப்பும் எந்த விகிதத்தில் கலந்து கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தண்ணீரில் நன்றாக நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, துணியை ஈரத்தோடவே அப்புறப்படுத்துங்கள். எங்கள் கதவில் கரிசல் மண்ணும் இரண்டு ஐம்பது பைசாவும் ஒரு கொண்டை ஊசியும்தான் இருந்தன. இருந்தாலும் ஈரத்துணியைத்தான் உபயோகித்தேன்.

முதலில் கண்ணாடியை முழுசாக இறக்கிவிடுங்கள். பீடிங் ஓடும் வழி நெடுக, கதவின் பெயிண்ட் மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டுங்கள். பிறகு டோர் பேட். கைப்பிடியில் இருக்கும் திருகுகள், உள்பக்கத் திறப்பானைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியின் திருகு இவற்றை எடுத்துவிடலாம். லாக் குமிழ் மேலே துருத்தியிருக்கும் வண்டியாக இருந்தால் அதையும் திருகி எடுங்கள்.

நிறையப் பேர் உடைப்பது கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைத்தான். அதில் திருகு எதுவும் தெரியாது. இழுத்தாலும் வராது. கைப்பிடிக்கும் அதன் பின்னால் இருக்கும் வட்டத் தட்டுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கம்பிக் கிளிப் கவ்விக்கொண்டிருக்கும். துண்டின் ஓரத்தை அந்த இடுக்கில் நுழைத்து, செருப்புத் தைப்பவர் நூலை இழுக்கிற மாதிரி இரண்டு கையாலும் மாறி மாறி இழுங்கள். கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே செய்தால், ஒரு கட்டத்தில் துணி கிளிப்பின் முனையில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். தள்ளும் வேகத்தில் கிளிப் பறக்கும். எங்கள் வீட்டில் ஒன்று செம்பருத்திச் செடிக்குள் போனது, இன்னும் கிடைக்கவில்லை. மேலே இன்னொரு துணியைப் போட்டு மூடிக்கொண்டு செய்யுங்கள். கழற்றும் முன்னால், கண்ணாடி முழுசாக மூடிய நிலையில் கைப்பிடி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது கைப்பிடி முழங்காலில் இடிக்கும்.

போட்டோ விஷயத்தில் அகழாய்வுக் குழியில் பார்த்த பழக்கம் எனக்கு உதவியது. 2022இல் தமிழ்நாடு தொல்லியல் துறை விஜயகரிசல்குளத்தில் தோண்ட ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே போய் நிற்பது எனக்கு வழக்கம். வைப்பாற்றங்கரை மண்ணிலிருந்து கண்ணாடி மணிகளும் சங்கு வளையல் துண்டுகளும் வந்துகொண்டே இருக்கும். ஒரு மணி கிடைத்தால் அதை உடனே எடுத்துவிட மாட்டார்கள். எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் என்று குறித்துப் படம் எடுத்த பிறகுதான் கை வைப்பார்கள். எடுத்துவிட்டால் அது எங்கே இருந்தது என்பது போய்விடும். கதவும் அப்படித்தான். எந்தத் திருகு எந்த ஓட்டையில் இருந்தது என்பது கழற்றி அரைமணி நேரத்தில் மறந்துவிடும். முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகத் திருகுகளைப் போட்டு, பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்தேன்.

டோர் பேடைச் சுற்றிலும் பிளாஸ்டிக் பொத்தான்கள் கவ்வியிருக்கும். மூங்கிலைப் பொத்தானுக்கு மிக அருகில் விட்டு நெம்ப வேண்டும். தள்ளி விட்டு நெம்பினால் பொத்தான் கதவிலேயே நிற்கும், பேட் கிழியும். பழைய பேட் என்பது மரத்தூள் அட்டைதான், ஈரம் ஏறினால் அப்பளம் மாதிரி உப்பிவிடும். எங்கள் இடதுபக்கப் பேடின் அடிப்பாகம் கையோடு பிய்ந்து வந்தது. அதே அளவில் புது ஹார்டுபோர்டு வெட்டி, பழைய ரெக்சினை இழுத்து ஒட்டிக்கொண்டேன்.

அடுத்தது பாலித்தீன் தாள். இருந்தால் கிழிக்காமல் ஓரத்திலிருந்து உரித்து வையுங்கள். இல்லாவிட்டால் புதிதாக வெட்ட வேண்டும். உரச்சாக்கின் உள்ளே வரும் கனமான பாலித்தீன் உறை இதற்கு அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்துகிறது. நன்றாகக் கழுவிக் காயவைத்துக்கொள்ள வேண்டும், உரத்தின் உப்பு துருவைக் கூட்டும். ஒட்டும்போது கவனிக்க வேண்டிய ஒரே விஷயம் அடி ஓரம். மேல் ஓரமும் பக்கங்களும் தகட்டின் மேல் ஒட்டியிருக்க வேண்டும். அடி ஓரம் மட்டும் உள்தகட்டின் ஓட்டைக்குள் நுழைந்து கதவுப் பெட்டிக்குள் தொங்க வேண்டும். தாளில் வழியும் தண்ணீர் அப்போதுதான் பெட்டிக்குள் விழும். அடி ஓரத்தையும் வெளியே ஒட்டினால் தண்ணீர் நேராகக் காலடி மேட்டுக்குத்தான் வரும். ஓலைக் கூரையில் மேல் ஓலை கீழ் ஓலையின் மேல் படிய வேண்டும் என்பது எப்படியோ அப்படி.

இப்போது வெளி பீடிங். வண்டிக்கு வண்டி இது மாட்டியிருக்கும் விதம் மாறும். பெரும்பாலும் பீடிங்கின் உள்ளே ஒரு மெல்லிய உலோகப் பட்டையும், அடியில் கதவின் விளிம்பைக் கவ்வும் கிளிப்புகளும் இருக்கும். கதவின் பின்முனையிலிருந்து தொடங்குங்கள். உள்ளிருந்து டார்ச் அடித்தால் கிளிப்புகள் தெரியும். ஒவ்வொன்றையும் விரலாலோ மூங்கிலாலோ உள்ளிருந்து மேலே தள்ளி, வெளியே இன்னொரு கையால் நேர் மேல்நோக்கித் தூக்க வேண்டும். வெளிப்பக்கமாக இழுத்தால் விளிம்பு நெளியும். என் முதல் கதவில் நடந்தது அதுதான். சில வண்டிகளில் முன்முனை மிரரின் அடித்தட்டுக்குள் நுழைந்திருக்கும், அப்போது மிரரைக் கழற்றாமல் பிடுங்க முயல வேண்டாம். உள் பீடிங் சில வண்டிகளில் டோர் பேடின் மேல் விளிம்போடு சேர்ந்தே வந்துவிடும், சிலவற்றில் தகட்டில் தனியாக இருக்கும்.

பழையதைத் தூக்கி எறிய அவசரப்படாதீர்கள். மாருதி 800 வந்தது 1983இல், நம் தெருக்களில் அதிகம் பார்க்கும் உடல்வடிவம் 1986இல், தயாரிப்பு நின்றது 2014இல். இவ்வளவு வருடம் ஓடிய வண்டிக்குச் சாமான் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் கிடைப்பதெல்லாம் ஒன்று போல இருக்காது. கடைக்குப் பழைய பீடிங்கைக் கையில் கொண்டுபோய், பக்கத்தில் வைத்து, உதட்டின் உயரம், கிளிப்புகளின் இடைவெளி, முனையின் வெட்டு மூன்றையும் ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். முன்கதவும் பின்கதவும் வேறு, இடமும் வலமும் வேறு. சிவகாசியில் ஒரு கடையில் அண்ணாச்சி இரண்டு விதம் எடுத்துப் போட்டார். ஒன்றை வளைத்தால் வெள்ளைக் கோடு விழுந்தது, இன்னொன்று மடிந்து திரும்ப நிமிர்ந்தது. "விலை ஒண்ணரைப் பங்கு. ஆனா இதத்தான் நான் என் வண்டிக்குப் போடுவேன்" என்றார். வியாபாரத்துக்காகச் சொன்னாரோ என்னவோ, வளைத்துப் பார்த்த பிறகு மறுபேச்சு பேச எனக்கும் வழியில்லை. மூன்று கதவுக்கும் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

புதுசை மாட்டும் முன்னால் அந்த விளிம்பைச் சுத்தம் செய்வதில்தான் முக்கால்வாசி நேரம் போகும், போகட்டும். அரை நாள் அதிலேயே போனது. துருவைக் கம்பி பிரஷ்ஷால் கையாலேயே தேய்த்தேன். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவிக் காயவிட்டு, மேலே ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு பூச்சு. நெளிந்த விளிம்பை இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக அழுத்தி நேராக்கினேன். கதவின் அடித்துளைகளை ஈர்க்குச்சியால் குத்தி, மேலேயிருந்து செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினேன். முதலில் கறுப்புக் கூழாக வந்தது. ஏழெட்டுச் செம்புக்குப் பிறகுதான் தெளிந்தது. அது நன்றாகக் காய்ந்த பிறகு, மடிப்பு விளிம்பில் மெழுகு கலந்த துருத்தடுப்பை அடித்தேன். பட்டறைகளில் இதற்குப் பழைய எஞ்சின் ஆயிலை அடிப்பார்கள். தகட்டுக்கு அது நல்லதுதான், ஆனால் ரப்பருக்கு ஆகாது. ஈ.பி.டி.எம். வெயிலைத் தாங்குமே தவிர, பெட்ரோலிய எண்ணெயைத் தாங்காது, ஊறி உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். சேனல் வறண்டு கிறீச்சிடுகிறது என்று கிரீஸ் தடவுவதும், மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பதும் இதே தப்புதான். தேங்காய் எண்ணெய் வைத்தால் ஒரு வாரம் கண்ணாடி வெண்ணெய் மாதிரி ஓடும், பிறகு புழுதி ஒட்டிச் சாந்து ஆகிவிடும். சிலிகான் ஸ்பிரே மட்டும் போதும், அதுவும் துணியில் அடித்துத் தடவினால் போதும்.

சேனலை மாட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புதுச் சேனல் சுருட்டி மடித்துப் பைக்குள் வந்திருக்கும். அதை மாட்டும் முன்னால் ஒரு மணிநேரம் மாடி வெயிலில் நீட்டிப் போடுங்கள், தானாக நிமிரும். சோப்புத் தண்ணீரைத் தடவி, முதலில் இரண்டு மேல் மூலைகளையும் பொருத்துங்கள். பிறகு நடுவை. பிறகு பக்கவாட்டில் கீழ்நோக்கி. எந்த இடத்திலும் இழுக்கக் கூடாது. இழுத்து மாட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும், ஒரு மாதத்தில் ரப்பர் பழைய நீளத்துக்குத் திரும்பும்போது மூலையில் இடைவெளி விழும். நீளம் கொஞ்சம் அதிகமாகத் தோன்றினால் வெட்டாமல் உள்ளே நெருக்கித் திணியுங்கள். அம்பாசடர், பத்மினி மாதிரி முன்கதவில் முக்கோணக் குவார்ட்டர் கண்ணாடி இருக்கும் வண்டிகளில், அதற்கும் பெரிய கண்ணாடிக்கும் நடுவே நட்டமாக நிற்கும் கம்பத்திலும் ஒரு சேனல் துண்டு உண்டு. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் மாற்றினால் ஒழுகல் நிற்காது.

வெளி பீடிங்கை மாட்ட, முனைகளைச் சரியாக வைத்து, உள்ளங்கையால் நெடுகத் தட்டிக்கொண்டே போனால் கிளிப்புகள் 'டக் டக்' என்று உட்காரும். சத்தம் வராத இடத்தில் கிளிப் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். மேலும் குத்தாமல் தூக்கிப் பார்த்து நிமிர்த்தி மாட்டுங்கள். டோர் பேடை மாட்டுவதற்கு முன்னாலேயே கண்ணாடியைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், அது பழகிவிடும். ஒரு பக்கம் சாய்ந்து ஏறினால் சேனல் எங்கோ மடிந்திருக்கிறது. பிறகு ஒரு காகிதத் துண்டைக் கண்ணாடிக்கும் பீடிங் உதட்டுக்கும் இடையே செருகி இழுத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தால் சரி. சும்மா நழுவி வந்தால் அந்த இடத்தில் உதடு படியவில்லை. கடைசியாகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெளியே இரண்டு வாளித் தண்ணீர். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு மெல்லிய கோடு மட்டும் வழிந்து, அடித்துளை வழியாகச் சொட்ட வேண்டும். சொட்டே வரவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள், துளை திரும்ப அடைத்திருக்கலாம்.

கண்ணாடிக் கைப்பிடியை மாட்டும்போது கிளிப்பை முதலில் கைப்பிடியின் காடிக்குள் உட்கார வைத்துவிட்டு, அப்படியே பல்லுத்தண்டின் மேல் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு. 'டிக்' என்றால் வேலை முடிந்தது.

டிங்கர் அண்ணன் வந்து பார்த்தார். மூன்று கதவின் அடியையும் மறுபடி கட்டைவிரலால் அழுத்தினார். முன் இடது கதவில் மட்டும் ஒரு நாலணா அளவு இடத்தைக் காட்டி, "இதை இப்பவே ஒட்டிருவோம், மத்தது ஓடும்" என்றார். அதற்கு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். நான் நெளித்து வைத்த விளிம்பைப் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கார்த்திகை மழையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கழுகுமலை வரை போய்வந்தேன். திருவேங்கடம் தாண்டியதும் நல்ல மழை. அப்பா வழி நெடுகக் குனிந்து மேட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பி வந்து கதவைச் சாத்தியபோது அந்தக் குடத்துச் சத்தம் இல்லை.

பின் இடது கதவு இன்னும் பாக்கி. அந்தப் பக்கத்துக்கு மட்டும் நல்ல பீடிங் கிடைக்கவில்லை. அண்ணாச்சி மதுரையில் சொல்லி வைத்திருக்கிறார். அதுவரை பழைய பீடிங்கின் சுருண்ட முனையைக் கருப்பு டேப் போட்டு இறுக்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஈர்க்குச்சியால் அடித்துளையைக் குத்திவிடுகிறேன்.